எத்தனை லூமென் போதும்? கூடாரம், மலைநடை, வீடு மூன்றுக்கும் ஒரு ஹெட்லேம்ப்

கேள்வி இது: அவ்வப்போது கூடாரம் போட்டுத் தங்குவேன், வருடத்துக்கு ஓரிரு முறை நாலைந்து நாள் பையைச் சுமந்து மலையில் நடப்பேன், மற்ற நாட்களில் வீட்டில் சில்லறை வேலைகள் இருக்கும். மூன்றுக்கும் ஒரே ஹெட்லேம்ப் போதுமா? 200 லூமென் முதல் 1,500 லூமென் வரை கிடைக்கிறதே, எதை எடுப்பது?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே போதும். உச்ச வெளிச்சம் 300 முதல் 450 லூமென் வரை இருந்தால் மூன்றுக்கும் தாராளம். ஆனால் அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. அந்த விளக்கு எவ்வளவு மங்கலாக இறங்கும் என்பது ஒன்று. 100 லூமெனை எத்தனை மணி நேரம் தளராமல் கொடுக்கும் என்பது இன்னொன்று. ஹெட்லேம்ப்பைத் தலையில் மாட்டியிருக்கும் நேரத்தில் பெரும்பகுதி 5 லூமெனுக்கும் 150 லூமெனுக்கும் இடையில்தான் கழியும். பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் சில நிமிடங்களுக்கானது.

இது ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்தக் கணக்கு. அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்லாது. ஒரே 200 லூமெனைக் குறுகலாகக் குவித்தால் தூரத்துப் பாறை தெரியும், காலடி இருட்டாகக் கிடக்கும். அகலமாக விரித்தால் காலடியும் பக்கவாட்டும் நன்றாகத் தெரியும், முப்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைக் கேண்டெலாவில் சொல்வார்கள். ஒரு பரப்பின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸில் சொல்வார்கள். தூரம் இரு மடங்கானால் லக்ஸ் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 400 லூமென் விளக்குக்குப் பதிலாக, அதே கற்றை வடிவம் உள்ள 800 லூமென் விளக்கை வாங்கினால் பார்வை எட்டும் தூரம் 1.4 மடங்குதான் கூடும். இரு மடங்கு தூரம் வேண்டுமென்றால் 1,600 லூமென் தேவை. பேட்டரியோ 800-லேயே பாதி நேரத்தில் காலியாகிவிடும். கண்ணும் அப்படித்தான்: ஒளி இரட்டிப்பானால் அது இரட்டிப்பாகத் தெரியாது, கொஞ்சம் கூடியிருக்கிறது என்ற அளவில்தான் தெரியும்.

நல்ல தயாரிப்பாளர்களின் பெட்டியில் 'ஆன்சி எஃப்எல்1' என்ற குறிப்பு இருக்கும். கையடக்க விளக்குகளை எல்லோரும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்காவில் வந்த தரநிலை அது. நல்ல விஷயம்தான். ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். விளக்கைப் போட்டு 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளந்த வெளிச்சத்தைத்தான் லூமென் என்று போடுகிறார்கள். மூன்றாவது நிமிடத்தில் அது பாதியாகக் குறைந்தாலும் அந்த எண் மாறாது. தூரம் என்று போட்டிருப்பது, கற்றையின் நடுவில் வெளிச்சம் 0.25 லக்ஸாக மங்கிப்போகும் இடம் வரையிலான தூரம். தெளிந்த வானத்தில் முழு நிலவு வெட்டவெளியில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும்; மரமா மனிதரா என்று சொல்வது கடினம். 100 மீட்டர் என்று போட்ட விளக்கு 50 மீட்டரில் 1 லக்ஸும் 25 மீட்டரில் 4 லக்ஸும் தரும். ஆகவே அச்சடித்த தூரத்தில் பாதி, சில நேரம் மூன்றில் ஒரு பங்கு, இவ்வளவுதான் நம்பி நடக்கக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் ஏமாற்றக்கூடியது மணிக்கணக்குதான். எஃப்எல்1 முறையில் எரியும் நேரம் என்பது, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். '400 லூமென், 4 மணி நேரம்' என்று போட்டிருந்தால், நாலு மணி நேரமும் 400 கிடைக்கும் என்று பொருள் இல்லை. முதல் சில நிமிடங்கள் 400, பின்பு 150, மெல்ல மெல்ல 80, கடைசியில் 40 என்று இறங்கினாலும் அந்த வாக்கியம் சரியானதுதான். சில தயாரிப்பாளர்கள் நேரம் போகப் போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று ஒரு வரைபடம் தருவார்கள். அந்தப் படம் இருக்கும் விளக்கை நான் மற்றவற்றுக்கு முன்னால் வைப்பேன். கோடு படிக்கட்டு போலச் சமமாகப் போய்க் கடைசியில் சட்டென்று விழுந்தால், உள்ளே மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே சரிவாக இறங்கினால் பேட்டரி தளரத் தளர வெளிச்சமும் தளர்கிறது. முதல் வகையில் வெளிச்சம் மாறாமல் இருக்கும், ஆனால் தீரும்போது எச்சரிக்கை குறைவு. இரண்டாவது வகை இழுத்துப் பறித்து நெடுநேரம் ஓடும். பாதையில் நடக்க முதல் வகைதான் நல்லது.

பெட்டியில் வரைபடம் இல்லையா? நீங்களே ஒரு கணக்குப் போடலாம், கடினமில்லை. இன்றைய எல்இடி விளக்கில், மின்சுற்றிலும் கண்ணாடியிலும் ஆகும் இழப்பைக் கழித்துவிட்டால், ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கொஞ்சம் கூடும், இன்னொன்றில் குறையும். தோராயத்துக்கு இது போதும். உள்ளேயே சிறிய லித்தியம்-அயான் பேட்டரி வைத்த இலகுவான ஹெட்லேம்ப்பில் 650 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்) இருந்தால், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 2.4 வாட்-மணி. அதாவது 240 லூமென்-மணி. 100 லூமெனில் இரண்டரை மணி நேரம் கூட வராது. 20 லூமெனில் 12 மணி நேரம் வரும். 400 லூமெனில் அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஏறக்குறைய கட்டைவிரல் பருமனுள்ள 18650 வகைப் பேட்டரி 3,500 எம்ஏஎச் என்றால் சுமார் 13 வாட்-மணி, 1,200 லூமென்-மணிக்கு மேல். 100 லூமெனில் ஒரு முழு இரவு நடக்கலாம். மூன்று ஏஏஏ அல்கலைன் பேட்டரி மெதுவாகச் செலவழித்தால் 4 முதல் 5 வாட்-மணி தரும். ஆனால் அல்கலைனிடம் ஒரே அடியாக அதிக மின்சாரம் கேட்டால் அது திணறும், கொள்ளளவில் பாதியைக்கூடத் தராது. அதனால்தான் ஏஏஏ போடும் விளக்கில் 300 லூமெனுக்கு மேல் எழுதியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

இதே கணக்கு பொய் எண்களையும் பிடித்துக் கொடுத்துவிடும். ஒற்றை 18650 பேட்டரியில் 10,000 லூமென் என்று விற்கிறார்கள். அதற்கு 100 வாட் வேண்டும். அந்தப் பேட்டரி வழக்கமாக அவ்வளவு தரவே தராது. தந்தாலும் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எல்இடிக்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது என்பதால் அந்தச் சிறிய உறை நெற்றியைச் சுட்டுவிடும். நேர்மையான 1,000 லூமென் ஹெட்லேம்ப்பே சில நிமிடங்களில் சூடேறித் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. அந்த அளவு விளக்குகள் நிலையாகத் தருவது பெரும்பாலும் 300 முதல் 500 லூமென்தான்.

சரி, இனி எந்த வேலைக்கு எவ்வளவு என்று பார்ப்போம்.

கூடாரத்துக்குள் தொடங்குகிறேன். அங்கேதான் தேவை மிகக் குறைவு, அங்கேதான் பலரும் கண் கூசி அவதிப்படுகிறார்கள். புத்தகம் படிக்க 5 முதல் 10 லூமென் போதும். நள்ளிரவில் எழுந்து செருப்பைத் தேட 1 லூமெனே போதும். அகன்ற கற்றையில்கூட 400 லூமெனை 40 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் தாளின் மேல் அடித்தால் சுமார் 1,000 லக்ஸ் வந்துவிடும். அலுவலக மேசைக்கே 500 லக்ஸ்தான் பரிந்துரைக்கிறார்கள். கும்மிருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இது அடி வாங்கியது போலத்தான். பல மலிவான விளக்குகளில் மிகக் குறைந்த நிலையே 30, 40 லூமென் இருக்கும். அதற்குக் கீழே போக வழி இருக்காது. உச்சத்தில் 100 லூமென் குறைந்த விளக்கை மன்னிக்கலாம். 5 லூமெனுக்கு இறங்காத விளக்கைக் கூடாரத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இருட்டுக்குக் கண் பழகுவதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கருவிழியின் துளை சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்களில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி மீண்டும் சேர்ந்து முழு உணர்திறன் வர 20, 30 நிமிடம் ஆகும், சில நேரம் அதற்கும் மேல். வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் பளீரென்று பட்டால் அந்தப் பழக்கம் பெருமளவு போய்விடும், மறுபடி தொடக்கத்திலிருந்து காத்திருக்க வேண்டும். கோல் செல்களுக்கு நீண்ட அலைநீளச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. அதனால்தான் வானத்தைப் பார்ப்பவர்கள் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்கிறார்கள். இதில் மறந்துவிடக் கூடாதது, சிவப்பும் மங்கலாக இருக்க வேண்டும் என்பது. பளிச்சென்ற சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். இன்னொன்று, வரைபடத்தில் சிவப்பு, பழுப்பு நிறத்தில் வரைந்த கோடுகள் சிவப்பு வெளிச்சத்தில் தாளோடு கலந்து மறைந்துவிடும். மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகள் பெரும்பாலும் பழுப்புதான். காயத்தில் ரத்தம் எங்கே என்றுகூடச் சரியாகத் தெரியாது. வழி பார்க்கவும் முதலுதவிக்கும் மங்கலான வெள்ளைதான் வேண்டும். அப்புறம், வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போக முடியும் என்ற வகை விளக்கை வாங்காதீர்கள். இருட்டில் நேராகச் சிவப்பில் ஏற்ற முடியாவிட்டால் சிவப்பு இருந்தும் பயனில்லை.

கூடாரத்துக்கு வெளியே சமைக்க, பாத்திரம் கழுவ, கயிறு கட்ட 20 முதல் 50 லூமென், அகன்ற கற்றையில். இதற்கு மேல் வைத்தால் கையிலிருக்கும் எவர்சில்வர் பாத்திரமே திருப்பி அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். கூட இருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது நாம் யாரைப் பார்க்கிறோமோ அவர் கண்ணில்தான் ஹெட்லேம்ப்பின் கற்றை விழுகிறது. விளக்கைக் கீழே சாய்த்துவிடுங்கள், அல்லது நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் விளக்கின் முகத்தை ஒரு வெள்ளைத் தண்ணீர்க் குடுவைக்குள் திருப்பி வைத்து நடுவில் வைக்கலாம். 50 லூமென் எல்லோருக்கும் பொதுவாகப் பரவும்.

அடுத்தது நடப்பது. தெளிவான ஒற்றையடிப் பாதையில் 60 முதல் 100 லூமென் போதும். கல்லும் வேருமாக இருக்கும் இறக்கத்தில் 150 வரை. பாதை தவறிவிட்டது, அடுத்த அடையாளம் எங்கே என்று எட்டத் தேட வேண்டும் என்றால் 300, 400, அதுவும் குவிந்த கற்றையில், ஓரிரு நிமிடம். உச்ச வெளிச்சத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ஓடுபவர்களின் கணக்கு வேறு. காலடி வைக்கும் முன்னால் முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் குறைவு என்பதால் 200 முதல் 300 லூமென் நிலையாக வேண்டும். சைக்கிளில் மலைப்பாதை இறங்குபவர்களுக்கு அதற்கும் மேல். தரையும் ஒரு காரணம். புதுப் பனி விழுந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், அங்கே பாதி வெளிச்சம் போதும். மழையில் நனைந்த கரிய மண்ணும் இலைச் சருகும் ஒளியை விழுங்கிவிடும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டியிருக்கும். வயதும் அப்படித்தான். வயது ஏற ஏறக் கண்மணி குறைவாக விரிகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது. அறுபது வயதுக்காரர் 120 லூமெனில் பார்ப்பதை இருபது வயதுக்காரர் 50-இல் பார்த்துவிடக்கூடும். ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நடப்பதில் வெளிச்சத்தைக் கூட்டித் தீர்க்க முடியாத இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது நிழல். ஹெட்லேம்ப் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், ஒரு கல்லின் நிழல் அந்தக் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாது. நிழல் தெரியாவிட்டால் மேடும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். படி எவ்வளவு ஆழம் என்று கால் வைத்த பிறகுதான் புரியும். லூமெனைக் கூட்டினால் தட்டை இன்னும் வெளுப்பான தட்டையாகும், அவ்வளவுதான். கரடுமுரடான இறக்கத்தில் விளக்கைக் கழற்றிக் கையில் இடுப்பளவில் பிடியுங்கள், அல்லது பையின் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். அதே 100 லூமெனில் ஒவ்வொரு கல்லுக்கும் நீண்ட நிழல் விழுந்து தரையின் வடிவம் பளிச்சென்று தெரியும். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய பட்டை வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது மூடுபனி. மழைத்துளி, புழுதி, குளிரில் நாம் விடும் மூச்சு எல்லாமே இதே வகைதான். காற்றில் மிதக்கும் துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. விளக்கு கண்ணுக்கு மேலேயே இருப்பதால் அது அப்படியே கண்ணுக்கு வருகிறது. 400 லூமெனில் வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். 50-க்குக் குறைத்து, விளக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் பாதை மறுபடியும் தெரியத் தொடங்கும். எதிரே திரும்பி வரும் ஒளியை அளந்து தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹெட்லேம்ப்புகள் இருக்கின்றன. பெட்சல் நிறுவனம் அதை 'ரியாக்டிவ் லைட்டிங்' என்று விற்கிறது. சாதாரண இரவில் வசதியான ஏற்பாடு, பேட்டரியும் மிச்சமாகும். ஆனால் மூடுபனியிலும் முகத்துக்கு நேரே வரும் கிளையிலும் அந்த உணரி தடுமாறும். அந்த நேரத்தில் கைமுறைக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலைந்து நாள் பை சுமந்து போகும் பயணத்துக்கு உச்ச எண்ணை மறந்துவிட்டு மொத்தச் செலவைக் கூட்டுங்கள். ஒரு உதாரணம் போடுகிறேன். நாலு மாலைகள், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம் 30 லூமென்: 180 லூமென்-மணி. இரண்டு விடியற்காலைகளில் உச்சி ஏற இரண்டிரண்டு மணி நேரம் 100 லூமென்: 400. படிப்பதற்குத் தினம் அரை மணி நேரம் 5 லூமென்: 10. மொத்தம் 590. முன்பு சொன்ன 650 எம்ஏஎச் சிறிய விளக்கு இதற்கு இரண்டு முறைக்கு மேல் சார்ஜ் கேட்கும். ஒரு 18650 பேட்டரி பாதிக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு திரும்பி வரும். கைபேசிக்காக எப்படியும் பவர் பேங்க் கொண்டு போகிறவர் என்றால் 50 கிராமுக்குக் குறைவான சிறிய விளக்கே போதும், எடை மிச்சம். பவர் பேங்க் இல்லாமல், மாற்றுப் பேட்டரியை மட்டும் நம்பிப் போகிறவருக்குப் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்குதான் சரி. 18650 ஒன்றின் எடை 45 கிராமைக் கொஞ்சம் தாண்டும். அதைச் சுமக்கும் ஹெட்லேம்ப் நெற்றியில் கனக்கும், உச்சந்தலைப் பட்டை வேண்டியிருக்கும். முதல் நாள் நடையிலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

குளிர்ப் பிரதேசம் என்றால் பேட்டரி வகையையும் யோசியுங்கள். அல்கலைன் குளிரில் வேகமாகத் தளர்ந்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் ஏஏ, ஏஏஏ பேட்டரிகள் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை, எடையும் குறைவு. ஆனால் அவற்றின் வோல்ட் சற்றுக் கூடுதல் என்பதால் விளக்கின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லித்தியம்-அயானை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும். இரவில் தூக்கப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலையில் உடம்புச் சூட்டோடு எடுத்து மாட்டுங்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் மாற்று லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு வருவோம். சின்க் அடியில் குழாயை இறுக்க, வண்டியின் எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க, பரண் மேல் தேட 30 முதல் 80 லூமென் போதும், அகன்ற கற்றை அவசியம். குவிந்த கற்றை நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தைப் போட்டுச் சுற்றியிருப்பதை இருட்டாக்கிவிடும். இங்கே லூமெனைவிட ஒளியின் தரம் பெரிது. சிஆர்ஐ என்று ஒரு அளவு உண்டு. நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான 100-க்கான மதிப்பெண். சாதாரண ஹெட்லேம்ப்பில் 70 அளவில் இருக்கும், ஒளி நீலம் கலந்த வெள்ளையாக, 6,000 கெல்வினை (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) ஒட்டி இருக்கும். சிவப்பு வயரும் பழுப்பு வயரும் அதில் ஒன்றுபோலத் தெரியலாம். 90-க்கு மேல் சிஆர்ஐ, 4,000 கெல்வினை ஒட்டிய நிறம் என்றால் லூமென் கொஞ்சம் குறையும், ஆனால் பார்ப்பது தெளிவாகும். மின்வேலை செய்பவர், காயம் பார்ப்பவர், படம் வரைபவர் எல்லோருக்கும் இந்தப் பரிமாற்றம் லாபம்தான். காட்டிலும் இலைக்கும் மண்ணுக்கும் வேருக்கும் உள்ள வித்தியாசம் இதில் நன்றாகப் பிரியும். கரண்ட் போனால் விளக்கை அலமாரி மேல் வைத்து வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி 150, 200 லூமென் போடுங்கள். அறை முழுவதும் சீராகப் பரவும், யார் கண்ணும் கூசாது. சாலையோரம் இரவில் நடக்க 50 லூமெனே மிகுதி. எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் படாமல் கீழே சாய்த்து வைப்பதும், பின்னால் வருபவருக்கு நாம் தெரிவதும் அங்கே முக்கியம்.

பட்டன் விஷயத்தைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது. கடைசியாக வைத்த வெளிச்சத்தை நினைவில் வைக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் உச்சத்தில்தான் தொடங்குமா? மங்கலுக்கு நேரே போக முடியுமா? பைக்குள் அழுந்தி எரியாமல் இருக்கப் பூட்டு உண்டா? பூட்டு இல்லாத விளக்கு பயணத்தின் முதல் நாளே பைக்குள் எரிந்து தீர்ந்துவிடும். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஐபிஎக்ஸ் குறியீட்டில், மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும். அது எல்லாப் பக்கத் தெறிப்பையும் தாங்கும். ஆற்றைக் கடப்பவர், படகில் போகிறவர் ஐபிஎக்ஸ்7 பார்க்கலாம்; 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள்.

உங்கள் மூன்று தேவைக்கும் நான் தேர்ந்தெடுப்பது இப்படி இருக்கும்: உச்சம் 400 லூமென் அளவு, கீழே 5 அல்லது அதற்கும் குறைவு, குவிந்த கற்றையும் அகன்ற கற்றையும் தனித்தனியாக, நேராகப் போகக்கூடிய சிவப்பு, பூட்டு, யூஎஸ்பி-சி சார்ஜ். பேட்டரி 4 வாட்-மணிக்குக் குறையாமல், முடிந்தால் கழற்றி மாற்றக்கூடியதாக. எடை 90 கிராமுக்குள். 1,000 லூமென் விளக்கை வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரவில் ஓடுபவராக, குகைக்குள் போகிறவராக, தேடுதல் பணி செய்பவராக இருந்தால் வாங்குங்கள். உங்கள் கேள்வியில் அப்படி ஒன்றும் இல்லை. மிச்சமாகும் பணத்தில் 30 கிராம் எடையுள்ள இரண்டாவது சிறு விளக்கு ஒன்றை வாங்கிப் பையின் மேல் அறையில் போட்டு வையுங்கள். முதல் விளக்கின் பேட்டரியை இருட்டில் மாற்றவே இன்னொரு வெளிச்சம் வேண்டும். மலையில் மாட்டிக்கொண்டால் உதவி கேட்கவும் அது போதும்: நிமிடத்துக்கு ஆறு முறை சீராக மின்னவிட்டு, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. பதில் நிமிடத்துக்கு மூன்று முறையாக வரும்.